ஒரு பொக்லைன், இரண்டு டெண்டர்கள்

நேற்று சாயங்காலம் சால்வை போர்த்தி, முந்திரி கேக் பெட்டி கொடுத்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் எனக்கு அறுபது வயது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். முப்பத்து மூன்றுதான் ஆகிறது. ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்த டெண்டர் மேசையை உங்கள் இருவரிடமும் விட்டுவிட்டு, திங்கள்கிழமை முதல் தளப் பொறியாளராகப் போகிறேன். விஷயம் அவ்வளவுதான். ஆனால் நம் முதலாளி எழுந்து நின்று, "இன்னிக்கு நம்ம மேடம் ரிட்டேர் ஆவுறாங்க" என்று அறிவித்துவிட்டார். ஓய்வு பெற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை தானாகவே வந்துவிடும் என்பதால், அதை வீணாக்க வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

இணையதளத்தில் எப்படிப் பதிவேற்றுவது, எந்தச் சான்றிதழ் எந்த மாதம் காலாவதியாகும் என்றெல்லாம் இதில் இருக்காது. அவற்றை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். உங்களில் ஒருவர் சரிபார்ப்புத் தாளுக்கு ஏழு நிறங்கள் கொடுத்திருக்கிறார். அழகாக இருக்கிறது, ஹோலி கொண்டாடிய மாதிரி. என் காலத்தில் இரண்டு நிறம்தான்: சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாமே பச்சையாக இருந்த ஒரு நாளில்தான் இந்த நிறுவனத்தை ஏறக்குறைய மூடவைத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் சேர்ந்து நான்காவது வருடம். திருமுல்லைவாயில் யார்டின் முன்னறைதான் அலுவலகம். முதலாளி தனசேகர் சார், நான், கணக்குக்கு ஒருவர், வெளியே பொக்லைன் ஓட்டும் ஏழுமலை அண்ணன். யார்டில் ஒரே ஒரு பொக்லைன். மஞ்சள் நிறம். அதன் நீண்ட கையில் முதலாளியின் பெயர், தூரத்தில் போகும் ரயிலில் இருப்பவர்களும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில். ஏழுமலை அண்ணன் அதை 'வண்டி' என்றுதான் சொல்வார். முதலாளி 'நம்ம பையன்' என்பார். நான் அதை இயந்திரப் பட்டியலில் வரிசை எண் ஒன்று என்று எழுதுவேன்.

அரசு வேலைக்கு டெண்டர் போடும்போது இரண்டு உறை உண்டு. முதலாவதில் நம் தகுதிக்கான ஆவணங்கள், இரண்டாவதில் விலை. முதல் உறை தேறினால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். அந்த முதல் உறைக்கு என்னிடம் இருபத்தேழு வரிகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. அதை நானே உருவாக்கினேன். அதன்மேல் எனக்கு இருந்த பெருமையைப் பற்றி இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. விடுப்பில் போகும்போது அதை அச்செடுத்து வீட்டுக்கே எடுத்துப்போயிருக்கிறேன்.

அந்த இருபத்தேழில் ஒன்று இயந்திரங்கள். வேலைக்குத் தேவையான இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும். அல்லது வாடகைக்கு எடுத்ததற்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் நம் வட்டாரத்து ஒப்பந்ததாரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி கொடுப்பதுபோல, ஒருவர் டெண்டருக்கு இன்னொருவர் தன் இயந்திரத்தின் ஆவணங்களைக் கொடுப்பார். இயந்திரம் யார்டை விட்டு அசையாது. தாள் மட்டும் போகும். யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் கெட்ட பெயர்.

ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து காதர் பாய் வந்தார். முதலாளியின் முப்பது வருட நண்பர். அதுவரை சின்னச் சின்னக் கட்டட வேலைகளாகவே செய்துகொண்டிருந்தவர், முதல்முறையாக ஒரு பெரிய டெண்டருக்குள் நுழையப் பார்த்தார். பாரிவாக்கம் பக்கம் மழைநீர் வடிகால் வேலை. எல்லாம் சரியாக இருந்தது, பொக்லைன் மட்டும் இல்லை.

"தனா, உன் வண்டிக்கு ஒரு வாடகை அக்ரிமென்ட் போட்டுக் குடுத்துர்றியா? எனக்கு வேல வரப்போறதில்ல. சும்மா உள்ள நொழஞ்சு பாக்கணும், அவ்ளோதான்."

"இதுக்கு இன்னாத்துக்கு மச்சான் பஸ் புடிச்சு வந்தே? போன்ல சொன்னா போதாதா? ஏம்மா, பாய்க்கு ஒண்ணு அடிச்சுக் குடு."

அடித்துக் கொடுத்தேன். சாதாரணமாக அடிக்கவில்லை. வேலை தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை இந்தப் பொக்லைன் காதர் பாயின் வேலைக்கு மட்டுமே பிரத்தியேகமாக ஒதுக்கப்பட்டுள்ளது, இந்தக் காலத்தில் உரிமையாளர் இதை வேறு எந்த வேலைக்கும் பயன்படுத்தமாட்டார் என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு பத்தி இருந்தால் ஆவணம் வலுவாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது. பாயின் மகள் நஸ்ரின்தான் அவருடைய டெண்டர் வேலைகளைப் பார்ப்பவள், என் வயதுதான். அவள் போனில், "அக்கா, சூப்பரா அடிச்சிருக்கீங்க, வக்கீல் கூட இப்படி எழுதமாட்டாரு" என்றாள். அன்று மதியம் எனக்குத் தயிர்சாதமே இனித்தது.

இரண்டு வாரம் கழித்து, பாரிவாக்கம் வேலையை அறிவித்த அதே அரசு அலுவலகம் இன்னொரு வடிகால் டெண்டர் அறிவித்தது. திருமுல்லைவாயிலில் சில தெருக்கள். அந்தப் பட்டியலில் முதலாளியின் தெருவும் இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மற்ற ஊர்களில் எல்லாம் வடிகால் போடுகிற மனிதர் தன் வீட்டு வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் தாண்டித் தாண்டிப் போவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். "இன்னா காண்ட்ராக்டரே, சொந்தத் தெருவுக்கு டெண்டர் போட மாட்டியா?" என்று டீக்கடையில் தினமும் கேட்பார்கள். அந்த அறிவிப்பு வந்த அன்று அவர் டீக்கடைக்கே போய், "இந்த வாட்டி நான்தான் போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனவே அந்த டெண்டரை நான் அதுவரை எதையும் செய்யாத அளவுக்குக் கவனமாகச் செய்தேன். இருபத்தேழு வரிகளையும் மூன்று முறை சரிபார்த்தேன். வரிசை எண் ஒன்று: பொக்லைன். வாங்கிய ரசீது, பச்சை. காப்பீடு, பச்சை. புகைப்படம், பச்சை. கடைசியில் ஒரு பிரமாணப் பத்திரம். "இந்தப் பட்டியலில் உள்ள இயந்திரங்கள் வேறு எந்த வேலைக்கும் ஒதுக்கப்படவில்லை என உறுதி கூறுகிறேன்." முதலாளி கையெழுத்துப் போட்டார், நோட்டரி முத்திரை குத்தினார். அதுவும் பச்சை.

இரண்டு வாரத்துக்கு முன்பு என் கையாலேயே அடித்த தாள் எனக்கு எப்படி நினைவுக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். அது பாயின் ஃபைல், இது எங்கள் ஃபைல். என் பட்டியல் ஒரு ஃபைலுக்குள்தான் பார்க்கும். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. தவிர, பாய்க்குக் கொடுத்தது 'சும்மா தாள்' என்று எல்லோரையும்போல நானும் நம்பியிருந்தேன். சட்டப் பத்திரம் மாதிரி அடித்தவளே அதைச் சட்டப் பத்திரமாக நினைக்கவில்லை.

விலை உறையைத் திறப்பதற்கு முன்பு ஒரு நாள் காலை மின்னஞ்சல் வந்தது. நாளை பதினொரு மணிக்கு உதவிப் பொறியாளர் எங்கள் யார்டுக்கு வந்து இயந்திரத்தை நேரில் பார்ப்பார். மூல ஆவணங்களுடன் தயாராக இருக்கவும். நல்ல அறிகுறி என்று முதலாளி சட்டையைச் சரிசெய்துகொண்டார். பத்து நிமிடத்தில் நஸ்ரினிடமிருந்து போன்.

"அக்கா, எங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கு. நாளைக்கு மூணு மணிக்கு, பாரிவாக்கம் யார்டுல. பொக்லைன அனுப்பிடுவீங்கல்ல?"

நான் எங்களுக்கு வந்த மின்னஞ்சலை மறுபடி திறந்து தேதியைப் பார்த்தேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"எங்களுக்குப் பதினொரு மணி, நஸ்ரின்."

"எந்த வண்டிக்கு?"

"அதே வண்டிக்கு."

அவள் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

பொய்ப் பிரமாணம் என்று முடிவு செய்தால் டெண்டர் போவது மட்டுமல்ல, நிறுவனம் கருப்புப் பட்டியலில் போய்விடும். பிறகு வருடக்கணக்கில் எந்த அரசு அலுவலகத்திலும் டெண்டர் போட முடியாது. அரசு வேலையைத் தவிர எங்களுக்கு வேறு வேலை கிடையாது. பாயின் நிலைமையும் அதேதான். அவர் இன்னும் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை.

மதியத்துக்குள் காதர் பாய் வந்துவிட்டார். இரண்டு நண்பர்களும் முன்னறையில் உட்கார்ந்து, மிகுந்த கவனத்துடன் ஒரு முட்டாள்தனத்தைத் திட்டமிட ஆரம்பித்தார்கள். காலையில் இங்கே காட்டிவிட்டு, உடனே ட்ரெய்லரில் ஏற்றி, ஆவடி வழியாகப் பாரிவாக்கம் கொண்டுபோய் மூன்று மணிக்கு அங்கே காட்டுவது. கதவோரம் நின்றிருந்த ஏழுமலை அண்ணனை அழைத்து விவரம் சொன்னார்கள்.

"அண்ணாத்தே, இது இன்னா சைக்கிளா, ஒரு மெதி மெதிச்சா பாரிவாக்கம் போய்ச் சேர? இருவது டன்னு. ட்ரெய்லர்ல ஏத்தவே ஒரு மணி நேரம் ஆவும். பகல்ல ஆவடி ரோட்ல அத்தக் கண்டா போலீஸ்காரன் மாலையா போடுவான்?"

"அதெல்லாம் நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி. "இன்ஜினியர கொஞ்சம் லேட் பண்ணா போதும். பாய், ஐயப்பன்தாங்கல்ல ஒரு ஓட்டல் கீதே, ஆர்டர் குடுத்தா தோசை வர முக்கா மணி நேரம் ஆவுமே, அங்க இட்டுகினு போய் ஒக்கார வெச்சிடு."

"நெய் ரோஸ்ட் சொன்னா ஒரு மணி நேரம் ஆகும் தனா" என்றார் பாய், உண்மையான அக்கறையோடு.

"அந்த இன்ஜினியரு ஊட்ல இருந்து சோத்து டப்பா எடுத்துகினு வர ஆளு" என்றார் ஏழுமலை அண்ணன். "சரி, தோசையே துன்னட்டும். வண்டி கையில இம்மாம்பெருசா தனசேகர்னு எய்திக்கீதே, அத்த இன்னா பண்ணுவீங்கோ?"

"தார்ப்பாய் போட்டு மூடிடலாம்."

"நம்பர் தகடு?"

"அதையும் மூடிடலாம்."

"அப்ப வண்டியையே மூடிடு நைனா. உள்ள யானை கீதுன்னு சொல்லிக்கலாம். அதே ஆபீசரு, அதே கண்ணு. காலீல ஒரு கண்ணு, மதியானம் ஒரு கண்ணா மாட்டிகினு வருவாரு?"

சிரிப்பு வந்ததுதான். ஆனால் முதலாளியின் கை மேசைமேல் இருந்த ஒரு பேனா மூடியைத் திருகித் திருகிப் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் பதற்றம் வந்தால் பட்டியல் போடுவேன். ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஒன்று, நாடகம். இரண்டு, வண்டி பழுது என்று சொல்லி இரண்டு இடத்திலும் காட்டாமல் விடுவது. மூன்று, நடந்ததை நாமே கடிதமாக எழுதிக் கொடுப்பது, அதுவும் அவர் பார்க்க வருவதற்கு முன்பு.

முதலாளி தாளைப் பார்த்தார். "ரெண்டாவது நல்லாகீதே."

"ரெண்டு ஃபைல்லயும் அதே நம்பர் இருக்கு சார். வண்டியக் காட்டலன்னாலும் என்னிக்காவது ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெப்பாங்க. அப்ப மறைச்சோம்னு ஆயிடும்."

"மூணாவது எழுதினா நாம அவுட்டு."

"யாராவது ஒருத்தர் அவுட்டு சார்."

உடனே பாய் எழுந்துவிட்டார். "அப்ப நான் வெலகிக்கறேன். அந்த அக்ரிமென்ட கிழிச்சுப் போட்டுர்றேன். இது உன் தெரு தனா. டீக்கடைல வேற சொல்லிட்டு வந்துட்டே."

"நீ யார்றா வெலக? மொத வாட்டி இவ்ளோ பெரிய டெண்டர்ல கால வெக்கிற. நான் வெலகறேன்."

"நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் வெலகணும்."

"குடுத்தவன் நானு!"

ஐந்து நிமிடத்துக்கு முன்பு சேர்ந்து ஊரை ஏமாற்றத் திட்டம் போட்டவர்கள், இப்போது யார் அதிகம் நல்லவர் என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். எது அதிக ஆபத்து என்று எனக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்த போனிலிருந்து நஸ்ரினின் குரல் வந்தது. "அத்தா, நீங்க கையில இருக்கறதக் கிழிச்சாலும் அப்லோடு பண்ணினது அங்கயேதான் இருக்கும்."

இருவரும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. யார் விட்டுக்கொடுப்பது என்பது கேள்வியே இல்லை. நான் இரண்டு ஃபைல்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாயின் ஃபைல் என்ன சொல்கிறது? இந்தப் பொக்லைன் தனசேகருடையது, என் வேலைக்கு வாடகைக்குத் தருகிறார். நாங்கள் தந்துவிட்டால் அது முழு உண்மை. எங்கள் ஃபைல் என்ன சொல்கிறது? இந்தப் பொக்லைன் வேறு எந்த வேலைக்கும் ஒதுக்கப்படவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே அது உண்மையில்லை.

"பொய் நம்ம ஃபைல்ல இருக்கு சார்" என்றேன். "அதனால வெலக வேண்டியது நாமதான்."

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாய்க்கு அந்த அக்ரிமென்ட அடிச்சது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அவரு வேலைக்கு மட்டும்தான், வேற எதுக்கும் கெடையாதுன்னு ஒரு பத்தி போட்டது?"

"அதுவும் நான்தான் சார். யாரும் கேக்கல."

"நம்ம ஃபைல்ல வேற எதுக்கும் ஒதுக்கலன்னு அடிச்சது?"

"நான்தான்."

"சம்பளம் குடுத்து எனக்கு நானே ஆப்பு வெச்சிகினு கீறேன்" என்றார். கதவோரம் ஏழுமலை அண்ணன் மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு முதலாளி வெளியே போய்ப் பொக்லைன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் என்றாவது ஒருநாள் எதிர்கொள்வீர்கள். "கடுதாசி குடுத்தா கருப்புப் பட்டியல்ல போட மாட்டாங்களே?"

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டிருப்பார். "தெரியாது சார். போடலாம், போடாமலும் இருக்கலாம்" என்றேன்.

"எல்லாத்துக்கும் லிஸ்ட்டு வெச்சிருப்பியே?"

"இதுக்கு இல்ல சார்."

என்ன காரணத்தாலோ, அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சரி, எய்து" என்றார்.

என் முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். 'எங்கள் கவனத்துக்கு வராமல்', 'தட்டச்சின்போது தவறுதலாக', 'எதிர்பாராத சூழ்நிலையில்' எல்லாம் இருந்தது. முதலாளி ஒவ்வொன்றாக அடித்தார். "கவனத்துக்கு வராம இன்னாம்மா? அடிச்சது நீ, கையெழுத்து போட்டது நானு. ரெண்டு பேரும் முழிச்சிகினுதான இருந்தோம்?" கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. ஒரே இயந்திரத்தை இரண்டு டெண்டரில் காட்டியிருக்கிறோம், முதலில் ஒப்பந்தம் செய்தது காதர் பாயின் நிறுவனத்துடன், அது நடப்பில் இருக்கிறது, எங்கள் பிரமாணப் பத்திரத்தில் உள்ள உறுதிமொழி சரியல்ல, பிழை எங்களுடையது, எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறோம். இன்றுவரை நான் இந்த மேசையில் எழுதிய கடிதங்களில் அதுதான் சிறந்தது. பாதிக்குமேல் எழுதியது நான் இல்லை.

மறுநாள் காலை அந்த அரசு அலுவலகம் திறந்ததும் தபால் பிரிவில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பதிவேட்டைத் திறந்தார்.

"என்ன பொருள்?"

"டெண்டர்ல ஒரு தப்பு இருக்கு, அதப் பத்தி."

"ஓ, புகாரா. யார் கொடுக்கறது?"

"நாங்கதான்." நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன்.

"யார் மேல?"

"எங்க மேலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை முழுவதும் படித்தார். "இதுக்குத் தனியா ஒரு ஃபைல் ஆரம்பிக்கணும்மா" என்றார்.

பதினொரு மணிக்கு உதவிப் பொறியாளர் யார்டுக்கு வந்துவிட்டார். கையில் எங்கள் கடிதம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஏழுமலை அண்ணனை வண்டியைக் கிளப்பச் சொன்னார். தகட்டில் இருந்த எண்ணை இரண்டு ஃபைலோடும் ஒப்பிட்டார். வேலிக்கு வெளியே, முதலாளியின் தெருவைச் சேர்ந்த நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆபீசர் வந்தால் வேலை உறுதி என்று அவர்களுக்கு நினைப்பு. "இன்னா தனா, வேல ஆரம்பமா?" என்று ஒருவர் கத்திக் கேட்டார்.

பொறியாளர் முதலாளியிடம் திரும்பினார். "உங்க லெட்டரப் படிச்சேன். நேர்லயும் கேட்டு எழுதிக்கணும். இந்த வேலைக்கு இந்த வண்டி இருக்கா, இல்லையா?"

தெருக்காரர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரச் சத்தத்தில் மெதுவாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்காது. முதலாளி ஏழுமலை அண்ணனைப் பார்த்துக் கை காட்டினார். சத்தம் நின்றது.

"இல்ல சார்" என்றார். "இந்த வேலைக்கு வண்டி இல்ல. வேற வேலைக்குப் பேசிட்டேன்."

வேலியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. அதன் பிறகு பொறியாளர், பாயின் ஃபைலுக்கும் அங்கேயே பார்வையிட்டதாக எழுதிக்கொண்டார். வண்டி பாரிவாக்கத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அடுத்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, விளக்கம் கொடுத்தோம், பிறகு காத்திருந்தோம். அந்த நாட்களில் முதலாளி என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் "இன்னா, இன்னும் கீறோமா?" என்று கேட்பார். இருக்கிறோமா, போய்விட்டோமா என்று அர்த்தம். ஒருநாள் மதியம் உத்தரவு வந்தது. எங்கள் டெண்டர் தகுதி பெறவில்லை. விலை உறை திறப்பதற்கு முன்பே நாங்களாகத் தெரிவித்ததால் எழுத்து மூலம் எச்சரிக்கை. கருப்புப் பட்டியல் இல்லை. அவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "தகுதி பெறவில்லைன்றத இவ்ளோ சந்தோசமா படிக்கறது நீ ஒருத்திதாம்மா" என்றார்.

காதர் பாயின் முதல் உறை தேறியது. விலை உறை திறந்தபோது அவர் மூன்றாவதாக வந்தார். வேலை வேறு யாருக்கோ போனது. "நான்தான் அப்பவே சொன்னேனே, வேல வராதுன்னு" என்று போனில் சிரித்தார். முதலாளி நான் எழுதினால் அச்சில் வராத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அடுத்த வருடம் இருவரும் தனித்தனியாக, தனித்தனி வண்டிகளோடு டெண்டர் போட்டார்கள். பாய்க்கு அதில் வேலை கிடைத்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒவ்வொரு டெண்டரிலும் இயந்திரப் பட்டியலின் அடியில் ஏழுமலை அண்ணனின் கையெழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை, இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் சேர்த்தது. உங்களில் ஒருவர் அது தேவையற்றது என்று நீக்கப் பார்த்ததாகவும் கேள்விப்பட்டேன். நீக்காதீர்கள். வண்டி எங்கே போகிறது என்று ரசீதுக்குத் தெரியாது, காப்பீட்டுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். "மெய்யாலுமே இந்த வேலைக்கு வண்டி போவுதா, இல்ல தாளு மட்டும் போவுதா?" என்று அவர் கேட்பார். பதில் சொல்ல உங்களுக்கு நாக்குத் தடுமாறினால் அந்த டெண்டரைப் போடாதீர்கள். ஏழு நிறமும் பச்சையாக இருந்தாலும் சரி. அப்புறம், தெரியாததைத் தெரியாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். கத்துவார். கத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

முதலாளியின் தெருவில் வடிகால் போட்டது வெளியூர்க்காரர் ஒருவர். வேலை நடந்த நாட்களில் நம் முதலாளி தினமும் காலையில் நடைப்பயிற்சி என்ற பெயரில் அங்கே போய்க் கம்பிகளுக்கு நடுவே விரல் வைத்து இடைவெளியை அளப்பார். அவர்களுடைய மேற்பார்வையாளர் இவரை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவரும் மறுப்பே சொல்லாமல் குடித்திருக்கிறார்.

அந்த வருடத்தின் முதல் பெரிய மழை விடியற்காலையில் தொடங்கியது. ஏழு மணிக்கு நான் அலுவலகம் போகும் வழியில், அவர் குடையோடு தன் வீட்டு வாசலில் குனிந்து நின்றிருந்தார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. ஆனால் முழங்கால் நனையவில்லை. வடிகால் மூடியின் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"போவுதும்மா" என்றார், நிமிராமலே. "தண்ணி நிக்காம போவுது."

"நல்லாதான் போட்டிருக்காங்க சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை என் பக்கம் சாய்த்தபடி சொன்னார்: "நான் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் வேகமா போயிருக்கும்."